நிவாரணப் பையும் ஒரு குழந்தையின் படமும்: தன்னார்வ அமைப்புகளுக்குத் திறந்த மடல்

வெள்ளமும் புயலும் வரும்போதெல்லாம் அரிசி மூட்டையோடு முதலில் ஓடி வரும் தன்னார்வ அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் நிவாரணப் பொருள் வழங்கும் வரிசையை ஒழுங்குபடுத்தியவர்களில் நானும் ஒருவன். ஈரச் சேலையோடு நின்ற ஓர் அம்மாவிடம் பையைக் கொடுத்துவிட்டு, படம் சரியாக விழவில்லை என்பதற்காக அதைத் திரும்ப வாங்கி, பேனர் தெரியும்படி அவரை நகர்ந்து நிற்கச் சொல்லி, இரண்டாம் முறையாகக் கொடுத்தோம். குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா" என்று சொன்னது நான்தான். அந்தச் சொல் இன்றும் உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

துயரத்தைப் படம் பிடித்துக் காட்டி உதவி திரட்டும் வழக்கத்துக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதை நான் குறை சொல்ல வரவில்லை. 1918 நவம்பரில் முதல் உலகப் போர் நின்ற பிறகும், எதிரி நாடுகளைப் பணியவைக்க பிரிட்டன் உள்ளிட்ட நேச நாடுகள் உணவுப் பொருள் செல்லாதபடி விதித்திருந்த முற்றுகை உடனே விலக்கப்படவில்லை. ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் பாலும் ரொட்டியும் இன்றிக் குழந்தைகள் எலும்பு வளைந்து மெலிந்தார்கள். எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலப் பெண்மணி, அப்படி நலிந்த ஓர் ஆஸ்திரியக் குழந்தையின் படத்தைத் துண்டறிக்கையில் அச்சிட்டு, நம்முடைய முற்றுகைதான் இதற்குக் காரணம் என்று அதிலேயே எழுதி, 1919-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கை அனுமதி பெறவில்லை என்று கைது செய்யப்பட்டு, அவருக்கு 5 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. அந்தத் தொகையை அவருக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞரே தம் கையிலிருந்து கொடுத்தார். அதே ஆண்டு மே மாதம் ஜெப்பும் அவர் தங்கை டோரதி பக்ஸ்டனும் சேர்ந்து 'சேவ் தி சில்ட்ரன்' நிதியத்தைத் தொடங்கினார்கள். அவர் வரைந்த குழந்தை உரிமைப் பிரகடனத்தை 1924-இல், ஐ.நா. சபைக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் ஏற்றது.

ஜெப்பை இயக்கியது வெறும் இரக்கம் என்று என்னால் எண்ண முடியவில்லை. குழந்தைகளிடம் தமக்குத் தனி வாஞ்சை இல்லை என்பதை ஒளிக்காதவர் அவர். தம் நாட்டின் பெயரால் நடக்கும் கொடுமைக்குத் தாமும் பொறுப்பாளி என்ற கூச்சமே அவரைத் தெருவுக்கு இழுத்து வந்தது என்று நினைக்கிறேன். அந்தப் படம் வெட்கப்படச் சொன்னது பார்த்தவர்களை. நாங்கள் எடுத்த படத்தில் வெட்கம் முழுவதும் அந்த அம்மாவின் தலையில் விழுந்தது.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்டவேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். அதற்குக் கடை ரசீதும், அடுக்கிய மூட்டைகளின் படமும், கையொப்பப் பட்டியலும் போதும். வாங்குபவர் முகம் வேண்டாம். கேமராவை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், அந்தத் தெருவில் தண்ணீர் ஏன் வடியவில்லை, எந்த வாய்க்கால் மூடிக் கிடக்கிறது, எந்த ஏரிக்கரையில் மனை போடப்பட்டது என்று எடுத்து, காரணத்தையும் கீழே எழுதி வெளியிடுங்கள். அதற்காக உங்கள்மேல் வழக்கு வந்து அபராதம் விழுந்தால், அதைக் கட்ட என் பங்கு முதலில் வந்து சேரும்.

இப்படிக்கு,
அன்று அந்த வரிசையில் நின்ற தன்னார்வலர்