கால அட்டவணையில் ஒரு பாடவேளை கேட்கிறோம்

சேலத்திலும் சேர்வராயன் மலையிலும் கத்தோலிக்கப் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பள்ளி திறக்கும் முன் இரண்டு நாள் கருத்தரங்கு, வெளியூர்ப் பேச்சாளர், மதியச் சாப்பாடு, சான்றிதழ். ஆசிரியர் பயிற்சி என்றால் நம் பள்ளிகள் பலவற்றில் இவ்வளவுதான். கைதட்டிவிட்டுப் போனவர் ஜூலையில் பழையபடியே பாடம் நடத்துகிறார். குறை அவரிடம் இல்லை. கேட்டதை வகுப்பில் செய்து பார்த்து, சரிவராவிட்டால் உட்கார்ந்து பேச ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பணம் கேட்டு எழுதவில்லை. வாரம் 40 பாடவேளை உள்ள அட்டவணையில், ஒரே பாடம் எடுக்கும் மூன்று நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வாக அமையும் ஒரு பாடவேளை போதும்.

2020 தேசியக் கல்விக் கொள்கையோடு நம் மாநிலத்துக்கு உள்ள கருத்து வேறுபாடு ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி வேண்டும் என்று அது சொல்வதில் தவறில்லை. வாரம் 40 நிமிடம் வீதம் 36 வாரம் என்றால் 24 மணி நேரம், ஏறக்குறைய பாதி, பள்ளி வாசலைத் தாண்டாமலே கிடைத்துவிடும்.

அந்த 40 நிமிடத்தில் என்ன செய்வது? நான்கு வாரம் ஒரு சுற்று. முதல் வாரம், மாணவர் நோட்டுகளை மேசையில் விரித்து, அடிக்கடி வரும் ஒரே ஒரு பிழையை எடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. சிவப்பு மையில் அடித்து 5/6 என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த தேர்விலும் 2/5தான் வரும். 30 செ.மீ. காகிதப் பட்டை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பாதி 15, மூன்றில் ஒன்று 10, சேர்த்தால் 25 செ.மீ. பிள்ளை சொன்ன 2/5 வெறும் 12 செ.மீ.; கூட்டிய பிறகு, முதலில் இருந்த பாதியை விடக் குறைந்துவிட்டது! அது எப்படி என்று பிள்ளையே கேட்கும். அந்தக் கேள்வி வருகிற மாதிரி பாடத்தை நால்வரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். இரண்டாம் வாரம் ஒருவர் தன் வகுப்பு நேரத்தில் அதை நடத்த, மற்ற மூவர் ஆளுக்கு ஐந்து பிள்ளைகளை மட்டும் கவனிப்பார்கள். மூன்றாம் வாரம் பேச்சு. நான்காம் வாரம் திருத்திய பாடம் வேறு பிரிவில்.

இது எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தலைமை ஆசிரியர் பதிவேட்டோடு பின் பெஞ்சில் உட்கார்ந்த அன்றே அது ஆய்வாகிவிடும். அதன்பின் ஆசிரியர் நன்றாக வரும் பாடத்தை மட்டுமே நடத்திக் காட்டுவார். பார்வைக் குறிப்புகள் கோப்புக்குப் போகக் கூடாது, நடத்தியவரிடமே இருக்கட்டும். பேச்சையும் அவரே தொடங்கட்டும். மூத்தவர் தொடங்கினால் இளையவர் வாய் திறக்க மாட்டார். பார்க்கப் போன மூவரின் வகுப்புகளை இன்னொரு ஆசிரியர் தலையில் கட்டினால் இரண்டாம் மாதமே முணுமுணுப்பு எழும். அதில் ஒரு வகுப்பைத் தலைமை ஆசிரியரே எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மலைப் பள்ளிகளின் நிலை வேறு. பாடத்துக்கு ஒரே ஆசிரியர்தான் இருப்பார். அவரை 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிச் சேலத்துக்கு வரச் சொல்வதை விட, ஏற்காட்டிலேயே இரண்டு மூன்று பள்ளிகள் மாதம் ஒரு அரை நாள் கூடலாம். நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம், வருகை குறையும். அப்போது நடத்திப் பார்க்கும் பாடத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

இனிச் சற்றுக் கசப்பானது. 1965 அக்டோபரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளி தன் நோக்கத்தை அடைவது பெரும்பாலும் ஆசிரியரையே பொறுத்தது என்கிறது. ஆனால் உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் அறைக்குள் இரண்டு ஊர் இருக்கிறது: அரசுச் சம்பளம் ஒரு பக்கம், நிர்வாகச் சம்பளம் மறுபக்கம். இரண்டாம் பக்கத்தவர் மே மாதம் வேறு வேலை தேடுகிறார். கற்றதும் அவரோடு போய்விடுகிறது. சம்பள வித்தியாசத்தை ஒரே நாளில் தீர்க்க முடியாது என்பது தெரியும். சனிக்கிழமைப் பயிற்சிக்கு ஈடுவிடுப்பு தரலாம். புதியவருக்கு முதல் பருவம் முழுக்க ஒரு மூத்த ஆசிரியரைத் துணையாகக் கொடுக்கலாம். அந்த மூத்தவருக்கு வாரம் ஒரு பாடவேளை குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது பெயரளவில் நின்றுவிடும். ஆண்டுத் தியானத்தில் பிற சமய ஆசிரியர்களைக் கடைசி வரிசையில் உட்கார வைப்பதற்குப் பதில், பின்தங்கிய பிள்ளையை இந்தப் பள்ளி எப்படி நடத்தும் என்பதை எல்லாரும் சேர்ந்து பேசும் ஒரு அமர்வு வையுங்கள்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் பற்றிய பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரம் தனியாக வேண்டும். குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டியது சட்டக் கடமை, மறைப்பது தண்டனைக்குரியது. நிர்வாகத்துக்குள் பேசி முடிப்பதற்கு அதில் இடமே இல்லை என்பது வாயிற்காவலர் வரை தெரிந்திருக்க வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் காலை பத்தரைக்கு வைத்தால் கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் போகிறவருக்கு அன்றைய கூலி போகும். மாலை ஆறு மணிக்கு, அவர்கள் தெருவிலேயே, இரண்டு ஆசிரியர்கள் போனால் போதும்.

கால அட்டவணை மே மாதமே தயாராகிவிடுகிறது. அடைத்த பிறகு இடம் பிடிக்க முடியாது. எனவே பொதுப் பாடவேளையை முதலில் குறித்துவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி நிரப்பச் சொல்லுங்கள். முதல் ஆண்டில் கணக்குப் பாடத்துக்கு மட்டும் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
சேலம், ஏற்காடு பகுதிகளில் ஆசிரியர் பயிற்சிப் பணியில் இருப்போர்