இட்லிப்பூச் செடிக்குச் சாம்பல் வேண்டாம்

ஆசிரியருக்கு,

இலை வெளுத்த இட்லிப்பூச் செடிக்கு முட்டை ஓட்டுத்தூளும் அடுப்புச் சாம்பலும் போடச் சொல்லி, தங்கள் நாளிதழின் வீட்டுத்தோட்டப் பகுதியில் குறிப்பு வந்திருந்தது. அருள்கூர்ந்து அதைத் திருத்தி வெளியிடுங்கள். இரண்டுமே மண்ணில் காரத்தைக் கூட்டுபவை. சாம்பல் சீக்கிரம் கூட்டும், முட்டை ஓடு மெல்லக் கூட்டும், அவ்வளவுதான் வேறுபாடு. இட்லிப்பூவோ அமில மண்ணை விரும்பும் செடி. மண்ணின் அமில-கார அளவான பி.எச். 5-லிருந்து 6 வரை இருந்தால் செழிக்கும். 7-ஐத் தாண்டினால் மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேருக்கு எட்டாது.

முதலில் எந்த இலை வெளுத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நுனிக் கொழுந்தைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தால், நரம்புகள் மட்டும் பச்சை வலையாகவும் இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புக் குறை. பழைய இலையிலிருந்து புது இலைக்கு இரும்பு நகராது. அதனால்தான் கொழுந்து முதலில் அடிபடுகிறது. மாறாக, அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளானால் பெரும்பாலும் மக்னீசியக் குறை. அதற்கு லிட்டருக்கு 10 கிராம் எப்சம் உப்பைக் கரைத்துத் தெளித்தால் போதும்.

இரும்புக் குறைக்கு, ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) முதலில் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) சேர்த்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கலாம். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. கரைசல் வெளிர்பச்சையாக இருக்கும்போதே தெளித்துவிட வேண்டும். துருநிறமாகிவிட்டால் இலைக்கு உதவாது; தரையில் பட்டால் கறைதான் மிச்சம். மண்ணில் ஊற்றுவதானால், காரம் மிகுந்த மண்ணில் ஈ.டி.டி.ஏ. வகை இரும்பு கிலேட் (இரும்பை வேருக்கு எட்டும்படி பிடித்துவைக்கும் சேர்மம்) நிலைக்காது, ஈ.டி.டி.எச்.ஏ. வகைதான் வேலை செய்யும். விலை கூடுதல் என்றாலும் மண்ணில் ஊற்ற அதுவே சரி.

இதெல்லாம் செய்தும் மறுபடி வெளுக்கிறது என்றால், நட்ட இடத்தைச் சந்தேகிக்க வேண்டும். சுவரோரத்தில் உதிர்ந்த சிமென்ட், சுண்ணாம்புக் காரை, கட்டட இடிபாடு எல்லாம் மழைதோறும் கரைந்து மண்ணில் இறங்கும். உப்புத் தண்ணீர் பாய்ச்சினாலும் இதே கதி. சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நடுவதே நல்லது. தொட்டி என்றால் 12 அங்குலம் போதும். அதற்கு மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, மட்கிய இலையுரம் ஒரு பங்கு, நன்றாக அலசிய தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு.

பூக்கவில்லை என்பதற்குப் பெரும்பாலும் தவறாகக் கத்தரிப்பதுதான் காரணம். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூங்கொத்து விடும். குட்டை ரகத்தைப் பந்துபோல வைத்திருக்க மாதந்தோறும் மேல்வாட்டில் வெட்டினால், தீக்குச்சித் தலையளவு மொட்டுத் திரள் அத்தனையும் வெட்டோடு போய்விடும். ஒரு சுற்றுப் பூ வாடியதும், கொத்துக்குக் கீழே இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். பெரும்பாலும் அங்கிருந்து இரண்டு துளிர் வரும், இரண்டும் பூக்கும். தினமும் ஆறு மணிநேர வெயில் வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் பெருக்கும்.

எறும்பு ஏறினால் பெரும்பாலும் மாவுப்பூச்சியோ அசுவினியோ இருக்கிறது என்று பொருள். இலையில் படியும் கரும்பூசணம், அவை கழிக்கும் தேன்துளியில் வளர்வது. அதைத் துடைத்துப் பயனில்லை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து, கணுவிடுக்கில் படும்படி வாரம் ஒருமுறை அடிக்க வேண்டும்.

குறிப்பைப் படித்து ஏற்கெனவே சாம்பல் போட்டுவிட்டவர்கள், மேல்மண்ணை ஓர் அங்குலம் கையால் சுரண்டி அப்புறப்படுத்துங்கள். மண்வெட்டி கூடாது, இதன் நுண்வேர்கள் மேலாகவே ஓடும். அந்த இடத்தில் மட்கிய இலையுரத்தை நிரப்பி, தண்டை ஒட்டாமல் இரண்டு அங்குலத்துக்கு இலைச்சருகு மூடாக்கு போட்டு, முடிந்தவரை மழைநீரையே ஊற்றுங்கள். அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வந்தால் செடி தேறிவிட்டது.

இப்படிக்கு,
செடி வளர்ப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்