வெள்ளிக்கிழமை டெலிவரி எடுக்காதே

அன்புள்ள விஜயா,

உன் மெயில் வந்தது. கார் போட்டோக்களையும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். புக் செய்த கார் வராமல் வேறொன்று வந்திருக்கிறது, அதை எடுக்கலாமா என்று கேட்டாயே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வெள்ளிக்கிழமை டெலிவரி எடுக்காதே. நல்ல நாள், முகூர்த்த நேரம், மாலையும் கேக்கும் சொல்லியாச்சு மேடம் என்று அந்த சேல்ஸ் பையன் எத்தனை தடவை போன் செய்தாலும் சரி. நல்ல நாள் அடுத்த வாரமும் வரும். ஆனால் அந்த வண்டி ஒரு தடவை உன் பெயரில் ரிஜிஸ்டர் ஆகிவிட்டால், இப்போது உன் கையில் இருக்கிற பிடி பாதிக்கு மேல் போய்விடும்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். ஒரே மாடலில் வசதிக்குத் தகுந்தபடி வரும் வகைகளில், அதாவது வேரியண்ட்களில், நீ புக் செய்தது டாப் எண்டுக்கு ஒரு படி கீழே உள்ளது, சாம்பல் நிறம். ஸ்டாக்யார்டில் உன்னைக் கூட்டிப்போய்க் காட்டியது அதற்கும் ஒரு படி கீழே, வெள்ளி நிறம். பின்சீட்டுக்கு ஏசி வென்ட் கிடையாது, ரிவர்ஸ் கேமரா கிடையாது, அலாய் வீல் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்டீல் வீலும் பிளாஸ்டிக் கப்பும். கேட்டால், "இந்த மாசம் இதுதான் வந்திருக்கு, கேமராவ நாங்களே வெளிய போட்டுத் தர்றோம், சீட் கவரும் மேட்டும் ஃப்ரீ" என்கிறார்கள். மாமியாரை மாதாமாதம் திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவருக்குப் பின்சீட்டில் காற்று வரவேண்டும் என்றுதானே அந்த வேரியண்டையே தேர்ந்தெடுத்தாய்? அதை விட்டுக்கொடுத்துவிட்டு சீட் கவர் வாங்கிக்கொள்வது என்ன கணக்கு? படிக்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பணத்தைக் கட்டி புக் செய்துவிட்டோமே, வந்ததை எடுத்துத்தானே ஆகவேண்டும்?" என்று அண்ணன் சொல்கிறார் என்றாய். இல்லை என்று அவரிடம் சொல். 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது யாரும் தனியாக எழுதி வைக்காவிட்டாலும் ஒப்பந்தத்திலேயே அடங்கிய நிபந்தனை என்று அதன் 15ஆவது பிரிவு சொல்கிறது. புக்கிங் பாரத்தில் வேரியண்ட் பெயரும் நிறமும் எழுதியிருக்கிறதே, அதுதான் விவரம். பொருந்தாவிட்டால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு. வேண்டாம் என்று சொன்ன பொருளைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைகூட உன்னுடையது இல்லை, தெரிவித்தால் போதும் என்கிறது 43ஆவது பிரிவு.

ஆனால் இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பொருளைப் பார்த்துச் சரிபார்க்க வாய்ப்பு கிடைக்கும் வரை நீ அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டாலோ, சொந்தப் பொருள் மாதிரி நடத்தத் தொடங்கினாலோ, நியாயமான காலத்துக்குள் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டிருந்தாலோ ஏற்றுக்கொண்டதாகிவிடும். மாலை போட்டு, சாவியை வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகு "நான் ஏற்கவில்லை" என்று எப்படிச் சொல்வாய்? அப்புறம் அந்தச் சட்டத்தின்படி நஷ்டஈடு கேட்கலாமே தவிர, காரை வேண்டாம் என்று தள்ளுவது ரொம்பக் கஷ்டம். அதனால்தான் அவர்கள் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று நிற்கிறார்கள்.

ரிஜிஸ்ட்ரேஷன் விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதைக் கட்டி நம்பரும் வந்துவிட்டால் அந்த வண்டியைத் திருப்பி எடுத்து வேறு ஒருவருக்குப் புது வண்டியாக விற்க டீலரால் முடியாது, அதனால் என்ன சொன்னாலும் அசையமாட்டார். இப்போது அது ரிஜிஸ்டர் ஆகாத வண்டி, நாளைக்கே இன்னொருவருக்குக் கொடுக்கலாம், டீலருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் கிடையாது. ஃபார்ம் 20, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கான ரிஜிஸ்ட்ரேஷன் விண்ணப்பம், அதில் உன்னிடம் ஏற்கனவே கையெழுத்து வாங்கிவிட்டார்களா? புக்கிங் அன்றைக்கே ஒரு கட்டு பேப்பரில் பேனா வைத்த இடமெல்லாம் கையெழுத்து வாங்கிவிடுவது வழக்கம். வாங்கியிருந்தால், "என் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் இந்த வண்டியை என் பெயரில் பதிவு செய்யக்கூடாது" என்று இன்றைக்கே மெயில் அனுப்பு.

அடுத்தது லோன். வங்கியில் கார் லோன் சீட்டில் இருந்த காலத்தில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். லோன் பணம் இன்னும் டீலருக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தாய் பார், அந்த வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. வங்கி லோன் கொடுப்பது டீலர் கொடுத்த புரோஃபார்மா இன்வாய்ஸை, அதாவது விற்பதற்கு முன்பே எழுதித் தரும் விலைப் பட்டியலைப் பார்த்து. அதில் என்ன வேரியண்ட், என்ன விலை என்று இருக்கிறதோ அதற்குத்தான் சாங்ஷன், அதாவது லோன் அனுமதி. வேறு வண்டி வந்தால் அந்த சாங்ஷனுக்கும் அது பொருந்தாது. நாளைக்குக் காலையில் பிராஞ்சுக்குப் போ. "புக் செய்த வண்டி வரவில்லை, நான் எழுதிக் கொடுக்கும் வரை பணத்தை விடுவிக்க வேண்டாம்" என்று ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள். பணம் போய்விட்டால் வண்டி வந்தாலும் வராவிட்டாலும் இ.எம்.ஐ. ஓட ஆரம்பித்துவிடும், டீலருக்கும் அவசரம் போய்விடும். எங்கள் பிராஞ்சில் ஒரு தலைமையாசிரியர் இப்படித்தான் வந்து நின்றார், இன்வாய்ஸில் ஒரு வேரியண்ட், வண்டியில் இன்னொன்று. பணம் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவருக்காக நாங்கள் எழுதிய கடிதத்துக்கு டீலரிடமிருந்து பதில்கூட வரவில்லை.

இன்னொரு சந்தேகம் எனக்கு. வண்டி எப்போது தயாரானது என்று கேட்டாயா? ஓடோமீட்டர் போட்டோவில் 41 கிலோமீட்டர் காட்டுகிறது, அது பரவாயில்லை, யார்டிலிருந்து ஓட்டி வந்திருப்பார்கள். டயர் போட்டோதான் மங்கலாக இருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எழுத்துகளுக்கு முடிவில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். 3824 என்றால் 2024ஆம் வருஷத்தின் 38ஆவது வாரம் அந்த டயர் தயாரானது. டயர் வண்டிக்குக் கொஞ்சம் முந்தியதாக இருப்பது சகஜம், அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் பழசாக இருந்தால் அந்த வண்டி யார்டில் வெயிலில் கிடந்ததா என்று கேட்க வேண்டும். ஐந்து டயரையும் பார், ஸ்டெப்னியை விட்டுவிடாதே. சேசிஸ் நம்பரிலேயே மாதமும் வருஷமும் ஒளிந்திருக்கும் என்பார்கள், ஆனால் எந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நேராகவே கேள்: ஃபார்ம் 21 என்கிற விற்பனைச் சான்றிதழில் தயாரான மாதம், வருஷம், சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், வண்டியின் நிறம் எல்லாம் டீலர் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அதன் நகலைக் கையில் வாங்கி வண்டியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். போன வருஷத்து வண்டியை விற்பது தப்பில்லை, சொல்லி, விலையைக் குறைத்து விற்றால். சொல்லாமல் விற்பதுதான் தப்பு.

நுகர்வோர் சட்டம் இதை நேராகவே சொல்கிறது. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருள் இன்ன தரம், இன்ன மாடல் என்று பொய்யாகச் சொல்வதும், பழையதைப் புதியது என்று சொல்வதும் அதில் முறையற்ற வணிகம். இன்னொன்றை வாங்கினால்தான் இதைத் தருவேன் என்பதும் கட்டுப்படுத்தும் வணிகம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது, "இன்ஷூரன்ஸ் எங்ககிட்டதான் எடுக்கணும்" என்று சொன்னார்கள் என்றாயே, அதற்காகச் சொல்கிறேன்.

புக்கிங் பாரத்தின் பின்பக்கம் "விவரங்கள் முன்னறிவிப்பின்றி மாற்றத்துக்குட்பட்டவை" என்று ஒரு வரி இருக்கும், அதைக் காட்டி வாயை அடைக்கப் பார்ப்பார்கள். கம்பெனி அந்த மாடலையே மாற்றினால் அந்த வரி பொருந்தலாம். நீ கேட்ட வேரியண்டை கம்பெனி இன்னும் தயாரித்துக்கொண்டிருக்கும்போது உனக்கு அதற்குக் கீழ் வேரியண்டைத் தருவதற்கு அந்த வரி பொருந்தாது என்பது என் திடமான எண்ணம். 2022ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது டொயோட்டா ஜப்பானில் இரண்டு ஸ்மார்ட் சாவிக்குப் பதிலாக ஒன்றுதான் இப்போதைக்குத் தர முடியும், மற்றது சாதாரண சாவி என்று வெளிப்படையாக அறிவித்தது. தட்டுப்பாடு யாருக்கும் வரும். முன்கூட்டிச் சொன்னால் வாங்குகிறவர் முடிவெடுப்பார். யார்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுச் சொல்வது அந்த முடிவைப் பறிப்பது.

சரி, எழுத வேண்டிய கடிதம். நீளமாக வேண்டாம். புக்கிங் தேதி, ரசீது எண், புக் செய்த வேரியண்ட், நிறம், காட்டப்பட்ட வண்டியின் சேசிஸ் நம்பர், வேறுபாடுகள். இந்த வண்டியை நான் ஏற்கவில்லை, கேட்ட வண்டியை இன்ன தேதிக்குள் தர வேண்டும், இல்லையென்றால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். டீலருக்கு மெயில், கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு நகல், கூடவே ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு ஒன்று. போனில் பேசினால் பேசி முடித்ததும் "நீங்கள் இப்போது சொன்னது இது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடு. அந்தப் பையனிடம் கோபப்படாதே, பாவம், டார்கெட் அவன் தலையில் இருக்கிறது. மேனேஜரிடம் பேசு.

மசியவில்லை என்றால் 1915க்குப் போன் செய், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அவர்கள் உத்தரவு போட முடியாது, கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், பல சமயம் அதற்கே வேலை நடந்துவிடும். அதற்கும் மேலே போனால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கட்டணம் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. ஷோரூம் மதுரையில் இருந்தாலும் நீ குடியிருக்கிற திண்டுக்கல்லில் போடலாம், பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை, இணையத்திலும் தாக்கல் செய்யலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

ஆனால் அங்கே போனால் சீக்கிரம் முடியும் என்று உனக்கு நான் ஆசை காட்டமாட்டேன். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வருஷக்கணக்கில் இழுப்பது உண்டு. கோவாவில் ஒருவர் 2011 மாடல் கேட்டார், டீலர் கொடுத்தது 2009ல் தயாராகி 622 கிலோமீட்டர் ஓடியிருந்த வண்டி. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில்தான் தீர்ப்பு வந்தது. அதிலும் வண்டியைத் தயாரித்த டாடா மோட்டார்ஸ் பொறுப்பில்லை என்று விடுவிக்கப்பட்டது, ஏனென்றால் டீலர் கம்பெனியின் ஏஜெண்ட் இல்லை, கம்பெனியிடம் சரக்கை வாங்கித் தன் பொறுப்பில் விற்கிறவர், டீலர் செய்தது கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. அதனால்தான் கம்பெனிக்கு இப்போதே மெயிலில் நகல் போடச் சொல்கிறேன். நாளைக்கு எங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது.

இத்தனையும் சொன்னாலும், மாமியார் உடல்நிலைக்கு வண்டி உடனே வேண்டும், வேரியண்ட் போனால் போகிறது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்தால் நான் குறை சொல்லமாட்டேன். அப்படியானால் விலை வித்தியாசம் முழுவதும் இன்வாய்ஸிலேயே குறைய வேண்டும், சீட் கவராக இல்லை. இன்வாய்ஸில் குறைந்தால் வரியும் குறையும். கேமராவை வெளியில் போட விடாதே, வயரை வெட்டி ஒட்டினால் பின்னால் மின்சாரக் கோளாறு வரும்போது வாரண்டி கிடையாது என்று கைவிரிப்பார்கள். ஆனால் பின்சீட்டில் காற்று வராத வண்டியில் சித்திரை மாதத்தில் அவரை உட்காரவைத்துப் போவதை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய். அதுவரை ஆஸ்பத்திரிக்கு வாடகைக் கார் எடுத்தால் ஆகும் செலவு பெரிதாக இருக்காது, அந்த பில்களையும் பத்திரமாக வை, பின்னால் கேட்கலாம்.

எங்கள் செய்தி: அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் கண்புரை ஆபரேஷன் முடிந்தது, இப்போது பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறாள், எங்கள் தெருவிலேயே யாருடைய வண்டி எது என்று மாடியிலிருந்து சொல்கிறாள். பையன் ஓசூரிலேயே இருக்கிறான், பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். ஹாஸ்டல் சுசீலா ரிட்டயர் ஆகி ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டாள், நீ வந்தால் மூன்று பேரும் ஒரு நாள் சேர்ந்து இருக்கலாம்.

புக்கிங் பாரத்தின் பின்பக்கத்தையும் புரோஃபார்மா இன்வாய்ஸையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு. கடிதத்தை நீ எழுது, அனுப்புவதற்கு முன் நான் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
கௌரி
திருச்சி