கேனன் தளத்தைக் காத்தவர்களுக்கு, லபக்கிலிருந்து ஒரு மடல்

நியூ மெக்சிகோ மாநிலம் க்ளோவிஸ் நகரில், பக்கத்து கேனன் விமானப்படைத் தளத்துக்காகப் பேசியும் அலைந்தும் வரும் பெரியவர்களுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதுவதால் உங்களில் ஒருவரும் இதைப் படிக்கப் போவதில்லை என்று தெரியும். ஆங்கிலத்தில் எழுதி வந்து உங்கள் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கலாம்தான். ஆனால் இந்த நாட்டுப் பொதுக்கூட்டங்களில் பார்வையாளர் பேசப் பெரும்பாலும் மூன்று நிமிடம்தான் தருவார்கள். என் பெயரைச் சரியாகக் கூப்பிட்டு முடிக்கவே அதில் அரை நிமிடம் போய்விடும். அதனால் எனக்குப் பழகிய மொழியில் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் படிக்கிறவர்களின் ஊர்ப்பக்கமும் படைத்தளங்கள் உண்டு. அவர்கள் காதில் விழட்டும்.

நான் இருப்பது உங்களிடமிருந்து நூறு மைல் தள்ளி, டெக்சாஸ் மாநிலத்து லபக்கில். (‘லபக்’ என்றால் எங்கள் மொழியில் ஒரே வாயில் விழுங்குவது. அம்மா இன்னும் போனில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.) பிறந்து வளர்ந்தது அரக்கோணம் பக்கம். அங்கே இந்தியக் கடற்படையின் விமானத்தளம் இருக்கிறது, பெயர் ஐஎன்எஸ் ராஜாளி, 1992இல் தொடங்கினார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் விமான நிலையம் மூழ்கி மூடிக் கிடந்தபோது, சிக்கிக்கொண்ட பயணிகளை ஏற்றிக்கொண்டு விமானங்கள் ராஜாளியிலிருந்துதான் கிளம்பின. அந்த வாரம் ‘இந்தத் தளத்தால் நமக்கென்ன லாபம்’ என்று எங்கள் பக்கம் ஒருவரும் கேட்கவில்லை. ஆக, படைத்தளம் என்றாலே முகம் சுளிக்கிற ஆள் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். உங்கள் தளம் இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

உங்கள் ஊருக்குக் காரில் வருவது எனக்குப் பிடிக்கும். லிட்டில்ஃபீல்ட், மியூல்ஷூ என்று வரிசையாக ஊர்கள், இரு பக்கமும் பருத்தி, கூடவே ஓடிவரும் சரக்கு ரயில். ஃபார்வெல் தாண்டி மாநில எல்லை வந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், காசில்லாமல் கிடைக்கிற ஒரு மணி நேரம். அப்புறம் மாட்டுவாசம். எங்கள் லபக் நண்பர்கள் கண்ணாடியை ஏற்றுவார்கள், எனக்கு ஊர் ஞாபகம் வரும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2005 மே 13 அன்று பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, வெளியிட்ட தளங்களின் மூடுவிழாப் பட்டியலில் கேனன் இருந்தது. அங்கிருந்த எஃப்-16 போர் விமானங்களைப் பிரித்து வேறு தளங்களுக்கு அனுப்பிவிட்டு, இங்கே கதவைச் சாத்துவதாகத் திட்டம். சாத்தினால் உங்கள் வட்டாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வேலை போய்விடும் என்று அவர்கள் அறிக்கையே சொன்னது. ஐந்தில் ஒன்று என்றால், படைவீரர்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டவர், அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர், டயர் மாற்றியவர் எல்லாரும்தான்.

தளம் மூடும் இந்த முறை எப்படி வந்தது என்பதே ஒரு வேடிக்கை. தன் தொகுதித் தளத்தை மூட எந்த அரசியல்வாதியும் கை தூக்க மாட்டார் என்பது அவர்களுக்கே தெரியும். அதனால் பொறுப்பைத் தனி ஆணையத்திடம் தள்ளிவிட்டார்கள். பென்டகன் பட்டியல் தரும், ஆணையம் அலசும், கடைசிப் பட்டியலை அதிபரும் காங்கிரசும் (இந்த நாட்டு நாடாளுமன்றம்) முழுசாக ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகத் தள்ள வேண்டும். நடுவில் ஒரு பெயரை மட்டும் உருவ முடியாது. 2005இல் ஆணையம் பார்க்க வேண்டிய அளவுகோல்கள் எட்டு. முதல் நான்கும் ராணுவப் பயன் பற்றியவை. ஊர்ப் பொருளாதாரம் ஆறாவது. சுற்றுச்சூழல் எட்டாவது, கடைசி. இந்த எட்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

உங்கள் கெட்டிக்காரத்தனம் இங்கேதான். ‘எங்கள் பிழைப்புப் போச்சு’ என்று எல்லா ஊரும்தான் அழுதது. ஆறாவது இடத்தில் இருக்கிற விஷயத்துக்கு அழுது பயனில்லை என்று நீங்கள் புரிந்துகொண்டீர்கள். குண்டு போட்டுப் பழக மெல்ரோஸ் மைதானம் பக்கத்திலேயே இருக்கிறது, சுற்றிலும் வீடுகள் நெருக்கவில்லை, பயிற்சிக்கான வான்வெளி இன்னும் விரியப் போகிறது, பென்டகன் போட்ட மதிப்பெண் தப்பு என்று தாள் தாளாக எடுத்து வைத்தீர்கள். ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் ஒரு கட்சி, செனட்டர் பீட் டொமினிச்சி எதிர்க்கட்சி. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்ததும் சின்ன காரியமல்ல.

ஆகஸ்ட் 26 அன்று வந்த முடிவில் முழு வெற்றியும் இல்லை, முழுத் தோல்வியும் இல்லை. விமானங்கள் போகும், தளம் இருக்கும், 2009 முடிவுக்குள் அதற்கு வேறு வேலை தேட வேண்டும். மாப்பிள்ளை கிடைக்கும்வரை கல்யாண மண்டபத்தைக் காலி செய்யாமல் காத்திருந்த கதைதான். 2006 ஜூனில் விமானப்படையின் சிறப்பு நடவடிக்கைப் பிரிவு வருகிறது என்று அறிவித்தார்கள், 2007 அக்டோபரில் வந்தது. ஊர் மூச்சுவிட்டது.

நீங்கள் மட்டுமல்ல. தென் டகோட்டாவின் எல்ஸ்வொர்த் தளத்தை மூடினால் நூறு கோடி டாலருக்கு மேல் மிச்சம் என்று பென்டகன் சொன்னது. ஆணையம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, மிச்சமே இல்லை, செலவுதான் ஆகும் என்றது. அந்த 2005 சுற்றுக்கே மொத்தம் 2,100 கோடி டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள், முடிந்தபோது ஆனது 3,500 கோடிக்கு மேல். அரசுத் தணிக்கை அலுவலகம் பின்னால் எழுதி வைத்த கணக்கு இது. பென்டகன் நீட்டுகிற தாளை அப்படியே நம்ப வேண்டியதில்லை, அதில் பிழை கண்டுபிடிக்க ஊர்க்காரர்களாலும் முடியும். இதைச் செய்து காட்டியவர்கள் நீங்கள். இந்த மடலை நான் எழுதுவதே அந்தத் துணிச்சலை நம்பித்தான்.

ஏனென்றால் 2018இல் இன்னொரு தாள் வந்தது.

தளத்தில் பல பத்தாண்டுகளாகத் தீயணைப்புப் பயிற்சிக்கு ஒரு நுரை பயன்பட்டது. எரிகிற பெட்ரோலின் மேல் அடித்தால் போர்வை போல மூடி அணைத்துவிடும், அருமையான நுரை. அதில் இருக்கிற பிஃபாஸ் என்ற ரசாயனக் கூட்டம் மட்டும் அழியாது. மண்ணில் இறங்கி, ஒகல்லாலா நிலத்தடி நீரில் கலந்து, வேலியைத் தாண்டிப் போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பால்பண்ணை. கிணற்று நீரை மாடு குடித்தது, மாட்டிலிருந்து பாலுக்குப் போனது. பாலை விற்க முடியாமல் தினமும் கொட்டினார்கள். பாலே இல்லாமல் போனாலும் கறவை மாட்டை இறைச்சிக்கு விற்கலாம் என்பார்கள், அதுவும் முடியாது, ரசாயனம் உடம்பில் இருக்கிறது. நாலைந்து ஆண்டு தீனி போட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் 3,600-க்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றுவிட வேண்டியதாயிற்று.

மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த எண்ணைப் படிக்கவே கை நடுங்குகிறது. எங்கள் வீட்டில் ஒரு பசு செத்தபோது அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை.

இழப்பீட்டுக் கதையையும் பாருங்கள். பாலுக்கு நஷ்டஈடு தர விவசாயத் துறையில் ஒரு திட்டம் இருந்தது. மாட்டுக்கும் தரலாம் என்று அதன் விதியை 2021 டிசம்பரில்தான் திருத்தினார்கள். அது விவசாயத் துறையின் பணம், பாதுகாப்புத் துறையின் பணமில்லை. இதற்கிடையில், தளத்தின் அனுமதிப் பத்திரத்தில் இந்த ரசாயனத்தையும் சேர்த்து, சுத்தம் செய் என்றது மாநிலம். அதற்கு உனக்கு அதிகாரமில்லை என்று மத்திய அரசு 2019 ஜனவரியில் நீதிமன்றம் போனது. மார்ச்சில் மாநிலம் தன் பங்குக்கு ஒரு வழக்குப் போட்டது. குடிநீரில் இந்த வகையில் முக்கியமான இரண்டு ரசாயனங்களும் சேர்ந்து லட்சம் கோடியில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2016இல் வந்த அறிவுரை. 2024இல் ஒவ்வொன்றுக்கும் அதை 4 என்று இறுக்கி, சட்டமாகவே ஆக்கினார்கள். அறிவு வளர வளர எண் சின்னதாகிக்கொண்டே போகிறது.

இப்போது என் கேள்வி. 2005இல் பென்டகன் கணக்கை வரிவரியாகச் சோதித்தீர்களே, அந்தக் கண்ணாடியை எங்கே வைத்தீர்கள்? தளம் எத்தனை வேலை தருகிறது, எத்தனை சம்பளம் ஊருக்குள் புழங்குகிறது என்று வழவழ தாளில் அச்சடிப்பது நல்லதுதான். எல்லாத் தள ஊர்களும் செய்கின்றன. ஆனால் வரவு மட்டும் எழுதிய நோட்டை எங்கள் ஊர் மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கு என்று ஒப்புக்கொள்ள மாட்டார். போன மாடுகளும் போன கிணறும் எந்தப் பக்கத்தில் எழுதப்படும்?

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும், நியாயமான பயம்தான். எதிர்த்துப் பேசினால் அடுத்த பட்டியலில் பெயர் வந்துவிடும். 2005-க்குப் பிறகு பென்டகன் பலமுறை கேட்டும் காங்கிரஸ் புதிய மூடுவிழாச் சுற்றுக்குச் சம்மதிக்கவில்லை. ஆனால் ஒருமுறை அந்தப் பட்டியலில் தன் ஊர்ப் பெயரைப் பார்த்தவனுக்குத் தூக்கத்திலும் அது வரும். மூத்த மகனை எல்லைக்கு அனுப்பிய வீடு தபால்காரரைப் பார்த்தாலே பதறுமே, அப்படி.

அதற்குத்தான் லபக்கின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு மேற்கே ரீஸ் விமானப்படைத் தளம் இருந்தது. 1995 சுற்றில் பெயர் வந்தது, 1997இல் மூடிவிட்டார்கள். இன்று அங்கே தொழில்நுட்ப வளாகம். விமானம் போனது, சம்பளம் போனது, ஆனால் நுரை போகவில்லை. மூடி இருபது ஆண்டு கழித்து, சுற்றுவட்டாரத்து வீட்டுக் கிணறுகளில் அதே ரசாயனம் அகப்பட்டது. விமானப்படையே வந்து பாட்டில் தண்ணீர் கொடுத்தது, வடிகட்டி மாட்டியது. தளம் இருந்தால்தான் விஷம் என்றில்லை, தளம் போன பிறகும் அது இருக்கும். வித்தியாசம் ஒன்றுதான். எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்க ஒரு தளபதி இல்லை. உங்களுக்கு இருக்கிறார். அவருக்கு மேலே இருப்பவர்களின் கதவையும் நீங்கள் தட்டிப் பழகியிருக்கிறீர்கள். இந்த நெருக்கத்தைப் பயன்படுத்தாமல் அடைகாப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எட்டாவது அளவுகோலுக்குத் திரும்புகிறேன். தண்ணீரைச் சுற்றுச்சூழல் என்று கடைசியில் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அது அங்கே இருக்க வேண்டியதே இல்லை. ஒகல்லாலா ஆண்டுக்காண்டு இறங்குகிறது. தளத்துக்கும் ஊருக்கும் தண்ணீர் மிஞ்ச வேண்டும் என்று, விவசாயிகளுக்குப் பணம் கொடுத்துப் பாசன மோட்டாரை நிறுத்தி வைக்கச் சொல்லும் திட்டம் உங்கள் பக்கத்தில் நடக்கிறது, அதில் பாதுகாப்புத் துறை நிதியும் உண்டு. வடக்கே யூட் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் போடுவதும் அந்தத் தட்டுப்பாட்டால்தான். தண்ணீரில்லாமல் தளமில்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அப்படியானால் சுத்தமான நிலத்தடி நீர் ராணுவப் பயனில்தானே சேரும்? முதல் நான்கில் ஒன்றாக அதை எடுத்து வாதாட உங்களைவிடத் தகுதியானவர் யார்? மாட்டுக்காரருக்காகப் பேசுவதும் தளத்துக்காகப் பேசுவதும் அந்த இடத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த முறை வாஷிங்டனுக்குக் கிளம்பும்போது, புதிய ஓடுபாதை, புதிய குடியிருப்பு என்று கேட்கும் பட்டியலில் நிலத்தடி நீர்ச் சுத்திகரிப்புக்கு நாள் குறித்த திட்டத்தையும் சேருங்கள், அதுவும் முதல் பக்கத்தில். ‘வேலை நடந்துகொண்டிருக்கிறது’ என்று அதிகாரி சொன்னால், 2005இல் கேட்ட மாதிரியே ‘எண்ணைக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். உங்கள் குழுவில் வங்கிக்காரர், வீட்டுத் தரகர், ஓய்வுபெற்ற கர்னல் எல்லாரும் இருப்பார்கள், தள ஊர்க் குழு என்றால் அப்படித்தான். வேலியை ஒட்டி மாடு வளர்க்கிறவருக்கு அதில் ஒரு நாற்காலி போடுங்கள்.

போட்டாகிவிட்டால் சொல்லி அனுப்புங்கள். ஒரு மணி நேர லாபத்தில் கிளம்பி வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கான மூன்று நிமிடத்தை அவருக்கே கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
லபக்கில் குடியிருக்கும் அரக்கோணத்துக்காரன்