அம்மா தம் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்

அன்புடையீர்,

நேற்று மாலை அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, தம் பழைய பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்த அந்த இரவில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள்; அதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகிவிட்டதால் அதன் பந்து போன்ற தலைக்கு இரத்தம் போவது தடைபட்டிருக்கும், எலும்பு மெலியும் எலும்புப்புரை கண்ட 76 வயதில் ஆணி போட்டுக் காத்திருப்பதைவிட அந்தப் பந்தை மாற்றிவிடுவதே மேல் என்று படம் வரைந்து விளக்கி, மறுநாளே அறுவை செய்த மருத்துவர்களுக்கும், தாதியருக்கும், இரத்தம் கொடுத்தவர்களுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்த பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடிப் பெண்களுக்கும், தண்ணீர்மலை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்த உறவினருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆனால் இம்மடலை எழுத வைத்தவர், தமிழ் படிக்கத் தெரியாத எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள். இடுப்பு 90 பாகைக்கு மேல் மடங்கினால் புதிய பந்து நழுவக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்ததை லிஃப்டில் அவரிடம் சொன்னேன்; அவ்வளவுதான். அன்று மாலையே, தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மனிதர் அளவு நாடாவுடன் வார்டுக்கு வந்து, அடிபடாத காலின் முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்தார். "சிலுவாருக்கா (காற்சட்டைக்கா) அளவெடுக்கிறீர்கள்?" என்று அம்மா மலாயில் கேட்டார், பல நாள்களுக்குப் பின் அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். முழங்கால் உயரம் 16 அங்குலம், நாற்காலியின் இருக்கையோ 14; அப்படியே அமர்ந்தால் இடுப்பு 90 பாகையைத் தாண்டி மடங்கிவிடும். நாங்கள் வீடு திரும்புவதற்குள் நான்கு கால்களின் அடியிலும் 4 அங்குலக் கட்டைகள் ஏறியிருந்தன. விலை உயர்ந்த கட்டில் வாங்க அலைந்த எனக்கு அந்த நாற்காலி நினைவுக்கே வரவில்லை.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் மணிக்கட்டு முறிந்தபோது மாவுக்கட்டுப் போட்டதோடு மறந்துவிட்டோம். எலும்பின் அடர்த்தியை அன்றே பார்த்திருக்க வேண்டும். இனி வாரமொருமுறை எலும்புப்புரைக்கான மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி நேரம் அவரைப் படுக்கவிடாமல் அருகிலேயே அமர்ந்திருப்பேன். எனக்கும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வேன்.

அங்கிள் பணம் வாங்க மறுத்துவிட்டார். கட்டைகளுக்குப் பசை பூசவில்லை, திருகாணி மட்டுமே போட்டிருக்கிறேன், டாக்டர் சரியென்று சொல்லும் நாளில் வந்து கழற்றித் தருகிறேன் என்றார்.