அண்ணனுக்கு, அம்மாவின் போன் விஷயமாக

அண்ணா,

அம்மா போனில் ஏற்றச் சொன்னாயே, சோஹோ கம்பெனியின் உலா பிரவுசர், அரட்டை என்ற செய்தி ஆப், அந்த இரண்டையும் முதலில் நான் ஏற்றிப் பார்த்துவிட்டேன். இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னித்துவிடு. கோபம் ஒன்றும் இல்லை. சரி, கொஞ்சம் இருந்தது.

உலா பிடித்திருக்கிறது. குரோமுக்கும் அடிப்படையான குரோமியத்தின் மேல் கட்டியது என்பதால் குரோமில் வைத்திருந்த நீட்சிகளும் (எக்ஸ்டென்ஷன்) ஓடுகின்றன. வேலைக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு எனத் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். மகள் பாடம் தேடும்போது என் பேங்க் பக்கம் குறுக்கே வருவதில்லை. அரட்டையில் பாக்கெட் நல்ல வசதி. கரண்ட் பில்லெல்லாம் அதில்தான் போட்டு வைக்கிறேன். 2025 செப்டம்பரில் ஊரே அரட்டையில் சேர்ந்தபோது, பேசுகிற இருவரைத் தவிர யாரும் பார்க்க முடியாத முழு மறையாக்கம் அழைப்புகளுக்கு மட்டும்தான் இருந்தது, எழுதி அனுப்புவதற்கு இல்லை. அதனால்தான் பொறுத்திருந்தேன். அதற்குப் பிடிவாதம் என்று பெயர் வைத்தது யாரென்று தெரியும். மைனியும் வாசிப்பார்கள், இதோடு விடுகிறேன்.

ஆனால் அம்மா போனில் ஏற்ற மாட்டேன். முடிவு பண்ணிவிட்டேன்.

ஸ்கைப்பை அம்மாவுக்குப் பழக்கியது நான். 2018 தொடக்கத்தில் உங்கள் அமீரகத்தில் அதை அடைத்ததும், போட்டிம் என்ற அழைப்பு ஆப்பைப் பழக்கியதும் நான். அடைத்தது நீ இல்லை, ஒத்துக்கொள்கிறேன். 'இதை இறக்கிக் கொடு' என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ட்யூட்டிக்குப் போனது நீதானே?

ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு நடந்ததை உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. போஸ்ட்டெல்லாம் ஒடிந்து கரண்ட் இல்லை. சர்ச்சில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு, ரோட்டை அடைத்துக் கிடந்த ரப்பர் மரங்களில் ஏறி இறங்கிப் போனேன். ஒரு பிளக் பாயின்டைச் சுற்றி அத்தனை பேர். சார்ஜ் ஏறி, சிக்னலும் எட்டிப் பார்த்ததும் ஸ்கைப்பில் உன் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. 'எல்லாருக்கும் சுகமா?' 'ஏன் எடுக்கல?' அப்புறம் வெறும் 'அம்மா'. அடுத்ததும் 'அம்மா'. கடைசியாக, 'போனில் சார்ஜ் போட்டு வைக்கத் தெரியாதா உனக்கு?'

அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டேன். கடலோரத்தில், கடலுக்குப் போன ஆள் திரும்பாத வீடுகள் இருந்தபோது என் அழுகை பெரிசில்லை. நீயும் அங்கே தூங்கியிருக்க மாட்டாய். எல்லாம் தெரிந்தும் அந்த வரி இன்னும் குத்துகிறது. 'சுகம்' என்று மட்டும் பதில் போட்டேன், நினைவிருக்கும். 2025 மே 5-ல் ஸ்கைப்பை மூடுவதற்கு முன்னால் அதையெல்லாம் இறக்கி வைத்துக்கொண்டேன். இரண்டு 'அம்மா'வும் இருக்கிறது, உன் திட்டும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பேச போட்டிம் போதும். மற்ற நாளில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பு. அங்கே அழைப்புக்குத்தானே தடை? அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும், எனக்கு வருவதைக்கூட வாங்கிக் கேட்கும். புதுசாக ஏதாவது ஏற்றியே ஆகவேண்டுமென்றால், லீவுக்கு வரும்போது நீயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. எத்தனை தரம் சொல்லவேண்டும் என்று உனக்கும் தெரியட்டும். வீட்டு விஷயத்தையும் அப்போது பேசிக்கொள்ளலாம். இங்கே வேண்டாம், சித்தப்பா வீட்டிலும் படிக்கிறார்கள்.