இடது கண்ணில் கொஞ்சம் மஞ்சள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வேலை என்னவோ கால் மணி நேரம்தான். அப்புறம்தான் குனியாதே, தலைக்குக் குளிக்காதே என்று வீட்டில் ஒரே கெடுபிடி.

கட்டைப் பிரித்த அன்று படம் போடும் தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வலது கண்ணுக்கு அது சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி வெளேரென்று இருக்கிறது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தால் அதே தாள் டீ கொட்டிக் காய்ந்த மாதிரி பழுப்பு. டாக்டரைக் கேட்டேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை உள்ளே விடாதாம். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் மூளையும் அதற்குப் பழகிவிடுமாம். அச்சாபீஸ்காரர்களிடம் கலர் சரியில்லை என்று எத்தனை சண்டை போட்டிருப்பேன்! நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஓவியர் மோனேவுக்கு 1923இல், 82 வயதில், இதே வைத்தியம் நடந்தது. புரை முற்றிய காலத்தில் அவர் வரைந்த தோட்டத்துப் பாலத்தைப் பார், செங்கல் சூளை மாதிரி தகிக்கும். நமக்கு அந்த வம்பில்லை. பெரும்பாலும் கறுப்பு மைதான்.

சும்மா கிடந்த நாட்களில் இன்னொரு கூத்து. தெருமுனை இஸ்திரிக்காரரை இருபது வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். கண்ணை மூடி நினைத்தால் முகமே வரவில்லை. சரியென்று பென்சிலை எடுத்து, வாயில் தண்ணீரை வைத்துத் துணிமேல் ஊதும்போது உப்புமே அந்தக் கன்னம், அதை மட்டும் பூசணிக்காய் அளவுக்குப் போட்டேன். காதில் ஒரு பீடி. மூக்கு, கண் எதுவும் இல்லை. காபி கொண்டுவந்த வீட்டுக்காரி, “இஸ்திரிக்காரரை ஏன் இப்படிப் படுத்துகிறீர்கள்?” என்றாள். தெரிந்த முகத்தை உள்ளபடி வரைந்தால் ஆகிற நேரத்தைவிட, மிகைப்படுத்தி வரைந்தால் சீக்கிரம் அடையாளம் காண்கிறார்கள் என்று 1980களிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அது சரி. மறுநாள் அவரை நேரில் பார்த்தால், என் படத்துக்கு அவர் அவ்வளவு பொருத்தமாக இல்லை என்று தோன்றியதே, அதற்கு என்ன சொல்வாய்?

யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தாய். தீபாவளி மலர் வந்ததும் நாம் அடித்துக்கொண்டு பார்ப்போமே, அந்தக் கோபுலு, பக்கவாதத்தில் வலது கை விழுந்த பிறகு இடது கையால் வரைந்தார். கோட்டில் அதே குறும்பு. ஆக, சரக்கு கையில் இல்லை. என் விஷயத்தில் கண்ணிலும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். இருக்கிற இடம் தெரியாமலே நாற்பது வருஷம் சம்பளம் வாங்கியிருக்கிறேன்!

இப்போது காலையில் மாடிச் சுவரில் வந்து உட்காரும் காக்கையைத்தான் அதிகம் பார்க்கிறேன். இத்தனை காலமும் அதன் சிறகை மையால் அப்பிக் கறுப்பாக்கிவிட்டு எழுந்துவிடுவேன். புதுக் கண்ணுக்கு அதில் நீலமும் ஊதாவும் ஓடுகிறது. வெறும் கோட்டில் அதை எப்படிக் கொண்டுவருவதென்று பிடிபடவில்லை. நாலு தாள் வீண்.

அடுத்த மாதம் இடது கண். அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. உன் நரைத்த தலையைக் கடைசியாக ஒருதரம் மஞ்சளாகப் பார்த்துக்கொள்கிறேன்.

உன்,
பழைய கிறுக்கன்